மறதி நோயாளரைப் பேணுவோர் மனச்சுமை

முதுமையில் மறதி தோன்றுவது இயல்பு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்து போகும். சற்று நேரம் தேடிய பின் நினைவுக்கு வந்துவிடும். இது நோயன்று. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இஃது எதற்குரிய பொருள் என்று திகைத்து நிற்பது வேறு. மேனாட்டு வைத்தியர் ‘டிமென்சியா’ என்று பெயரிட்டிருப்பது இந்த இரண்டாவது நிலைக்கே. தமிழில் இதனை முதுமை மறதி என்றும் மறதி நோய் என்றும் வழங்குவர். பெயர் எளிதாக இருப்பினும் அது நோயின் ஒரு முகத்தையே காட்டுகிறது. நினைவு மட்டுமன்றி, நிதானம், பேச்சு, இடமறியும் ஆற்றல், இரவு பகல் என்னும் ஒழுங்கு, பிறரிடம் பழகும் பண்பு ஆகிய யாவும் இந்நோயிற் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. வீட்டிலுள்ளாரை வாட்டுபவையும் பெரும்பாலும் மறதியல்லாத இம்மற்றை முகங்களே.

1906 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் தூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர் கூட்டமொன்றில் அலோய்ஸ் அல்சைமர் என்பார் ஒரு பெண்ணின் நோய் வரலாற்றை எடுத்துரைத்தார். 1901 இல் அப்பெண் பிராங்பேட் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அவள் இறந்த பின்னர் மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தபோது, நரம்புக் கலங்களின் இடையிலும் உள்ளேயும் வேண்டாப் படிவுகள் காணப்பட்டன. 1910 இல் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரே இடப்பட்டது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் அடைபடுவதால் விளையும் மறதி நோயும் உண்டு. குருதியழுத்தமும் நீரிழிவும் கவனிக்கப்படாத இடங்களில் அது தலைகாட்டுகிறது.

2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதி நோயுற்றிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவருட் பாதிக்கு மேற்பட்டோர் செல்வம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் வாழ்வோர். இலங்கையில் ராகமைப் பகுதியில் நடத்தப்பெற்று 2003 இல் வெளியான ஆய்வொன்று, அறுபத்தைந்து வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு நால்வர் அளவில் இந்நோய் காணப்பட்டதாகக் கூறிற்று. சென்னைக்குத் தெற்கேயுள்ள திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் 1990களில் எடுத்த கணக்கும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. இது நகரத்தாரின் நோய், செல்வரின் நோய் என்று எண்ணுதல் தவறு.

மலையகத்தின் மேற்குச் சரிவில், கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்று கூடிக் களனி கங்கை என்னும் பெயர் பெறும் இடத்துக்கு அண்மையில் உள்ளது பொல்பிட்டிய. இவ்வூரின் பெயரை நாட்டார் அறிந்தது மின்சாரத்தின் வாயிலாகத்தான். இங்குள்ள நீர்மின் நிலையம் 1969 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. இங்கே உண்டான மின்சாரம் கொழும்பின் வீதிகளை விளக்கிய பின்னரும் நெடுங்காலம் அயலிலுள்ள தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பது இங்கு போகிற போக்கிற் கூறத்தக்கது. நாட்டில் மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று இது. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலை வரையும், நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டன் வரையும் மலைச்சரிவெங்கும் தேயிலை, இடையிடையே லயங்கள், லயத்துக்கு லயம் படிக்கட்டும் கானும், கீழே ஆறு. தென்மேற்குப் பருவ மழையின்போது நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படலாம் என்று கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுவதுண்டு. நிலத்தின் இத்தன்மை, மறதி நோயாளர் ஒருவரை வீட்டில் வைத்துப் பேணுவோர்க்கு அன்றாடம் நினைவிருக்க வேண்டியதொன்று.

தோட்டத்திற் பிறந்து, முப்பது நாற்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு நேற்றைய இரவு உணவு நினைவில் இல்லை. பேரப்பிள்ளையின் பெயர் தடுமாறுகிறது. ஆனால் விடியற்காலைப் பெரட்டு நினைவில் உண்டு. மூன்று மணிக்கு எழுந்து கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியைக் காணவில்லை என்று பெட்டியைக் கிளறுகிறார். கத்தியை மருமகள் ஒளித்துவிட்டாள் என்று குற்றம் சாட்டுகிறார். கதவைத் திறந்து இருட்டில் மலையேறப் பார்க்கிறார். பழைய நினைவுகள் நெடுங்காலம் நிற்பதும் புதியவை பதியாமற் போவதும் இந்நோயின் இயல்பு. ஆதலால், கங்காணிக்குப் பயந்து எழுந்த காலம் அவருக்கு நிகழ்காலமாகிவிடுகிறது. அக்கம் பக்கத்தார் புத்தி பேதலித்துவிட்டது என்பர். கோடாங்கியை அழைத்துக் குறி கேட்போரும் உளர்.

அந்த வீட்டில் ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, கொழுந்தெடுக்கச் செல்லவேண்டியவள் அம்மருமகளே. அவள் இரவில் உறங்கவில்லை. மலைக்குப் போனால் முதியவர் தனித்திருப்பார். போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். பாதியில் ஓடி வந்தால் நிறை குறைந்து அரைப்பேர்தான் விழும். நகரத்துப் பேணுவோர்க்கு விடுப்பு என்று ஒன்றுண்டு. நாட்சம்பளக்காரிக்கு விடுப்பு என்பது கூலியிழப்பின் மறுபெயர். மறதி நோயாளருக்கு வழங்கப்படும் பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களின் உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. தோட்டத்தில் அப்பெண்களே வீட்டின் வருவாய்க்கும் முதுகெலும்பு.

இத்தகைய சுமை மனத்தை மட்டும் தாக்குவதன்று. 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு சிறிய சோதனை நடத்தினர். மறதி நோயுற்ற உறவினரைப் பேணும் பெண்கள் பதின்மூவர். அதே வயதும் வருவாயும் உடைய, அச்சுமையில்லாப் பெண்கள் பதின்மூவர். இருபத்தறுவரின் கையிலும் மிகச் சிறிய, ஒரே அளவினதான காயம் உண்டாக்கி, அஃது ஆற எத்தனை நாட்கள் செல்கின்றன என்று பார்த்தனர். பேணுவோரின் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கூடுதலாயின. ஓயாத மனநெருக்கடியினால் உடலின் தற்காப்பு ஆற்றல் தளர்கிறது என்பதே இதன் பொருள். தேயிலை வாதும் முள்ளும் கீறிய விரல்களோடு வேலை செய்வோர்க்கு இச்செய்தி வெறும் ஆய்வுகூடச் செய்தியாகத் தோன்றாது.

இந்நிலையில் பேணுவோர்க்கும் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் மெல்லவே தோன்றிற்று. நெடுங்காலம் வைத்தியர் நோயாளரையே பார்த்தனர். அவரை அழைத்து வந்தவரைப் பார்க்கவில்லை. 1981 இல் நான்சி மேஸ், பீற்றர் றேபின்ஸ் என்னும் இருவர், பேணுவோர்க்கென்றே ஒரு நூல் எழுதி, அதற்கு ‘முப்பத்தாறு மணி நேர நாள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரே வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. 2013 இல் இலண்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பேணுவோர் 260 பேர் அதிற் பங்கு கொண்டனர். உளவியல் பயின்ற இளம் பட்டதாரிகள் அவருட் சிலரை நேரிற் கண்டு எட்டு அமர்வுகளில் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றோரின் சோர்வும் ஏக்கமும் ஏனையோரினும் குறைந்திருந்தன. அப்பயன் ஈராண்டு கழிந்த பின்னரும் நிலைத்திருந்தது. பயிற்றியோர் வைத்தியர் அல்லர் என்பது கருதத்தக்கது.

பயிற்சியாளரை வீடுதோறும் அனுப்புவது எல்லா நாடுகளுக்கும் இயல்வதன்று. ஆதலின் உலக சுகாதார நிறுவனம் இணையத்தின் வாயிலாகவே கற்கத்தக்க ஒரு பாடத்திட்டத்தை அமைத்தது. ‘ஐ-சப்போர்ட்’ என்பது அதன் பெயர். ஐந்து பிரிவுகளும் இருபத்துமூன்று பாடங்களும் கொண்டது. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ, தமக்கு ஓய்வு கிடைக்கும் வேளையில், தாமே வேண்டிய பாடத்தைத் தெரிந்தெடுத்துப் படிக்கலாம். நோய் இன்னதென்பது, பேணுவோர் நிலை, பேணுவோர் தம்மைப் பேணிக்கொள்ளுதல், அன்றாடப் பணிவிடை, நடத்தை மாற்றங்களைச் சமாளித்தல் என்று அது விரிகிறது. நடத்தை மாற்றங்களுக்கு மட்டும் ஏறத்தாழப் பாதிப் பாடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளமை, வீட்டாரின் துன்பம் எங்கே உள்ளது என்பதை அமைத்தோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

இப்பாடங்களின் உட்பொருள் யாது? நடத்தைக்கு முன்னே என்ன நிகழ்ந்தது, பின்னே என்ன நிகழ்ந்தது என்று கவனிக்கப் பழகுதல் முதற்படி. முற்கூறிய முதியவர் மூன்று மணிக்கு எழுவது ஏன்? மாலை ஆறு மணிக்கே படுக்கவைத்ததனாலா? பகலெல்லாம் இஸ்தோப்பில் தூங்கி விழுந்ததனாலா? சிறுநீர் முட்டியதனாலா? ஒரு கிழமை குறித்து வைத்தால் காரணம் புலப்படக்கூடும். பகலிற் சிறிது தூரம் நடத்திச் சென்றும், மாலையிற் சாயத்தண்ணியைக் குறைத்தும், படுக்குமுன் ஒருமுறை வெளியே அழைத்துச் சென்றும் பார்க்கலாம். பயன் கிட்டாவிட்டால் வேறொன்றை முயலலாம். இவ்வாறு தேடத் தொடங்கும்போதே, செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் கையறவு சற்று நீங்குகிறது.

அடுத்தது பேசும் முறை. “பெரட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, உங்களுக்கு வேலை போய் இருபது வருசமாச்சு” என்று மருமகள் கூறினால், அது உண்மையே ஆயினும் முதியவரின் உள்ளத்தில் அன்றுதான் வேலை போகிறது. அவர் சினங்கொள்வதில் வியப்பில்லை. “முதலில் தேத்தண்ணி குடியுங்க மாமா, மழை விடட்டும்” என்றால் அவர் அமர்வார். தேத்தண்ணி முடியுமுன்னே பெரட்டு மறந்து போகலாம். இதனைப் பொய் என்று கருதி மனம் கூசுவோர் உண்டு. நோயாளர் சொல்லின் பின்னாலிருக்கும் உணர்ச்சிக்கு விடை கூறுதலே இங்கு நோக்கம். வழக்காடி வெல்லுதல் அன்று. கத்தியைத் தேடும் கைக்குக் கத்திக்குப் பதிலாக வேறொரு வேலை கொடுத்தல் இன்னும் நன்று. விறகை அடுக்குதல், பருப்பிற் கல் பொறுக்குதல் முதலியன கை மறவாத வேலைகள்.

மூன்றாவதாக வருவது பேணுவோரின் சொந்த மனம். “வேண்டுமென்றே செய்கிறார்” என்னும் எண்ணம் ஒருநாளைக்குப் பன்முறை தோன்றும். அவ்வெண்ணம் தோன்றியவுடன் கோபம், கோபத்தின் பின் கடுஞ்சொல், கடுஞ்சொல்லின் பின் குற்றவுணர்வு, அதன்பின் உறக்கமின்மை என்று சங்கிலி நீள்கிறது. சங்கிலியின் முதற்கண்ணியைப் பிடித்து, “இது நோய் செய்வது, இவர் செய்வதன்று” என்று மாற்றி நினைக்கப் பயிற்றுகிறது பாடம். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு நெடுநாட் பழக்கம் வேண்டும். இதனோடு, ஓரிடத்தில் அமர்ந்து மூச்சை மெதுவாக இழுத்து, அதனினும் மெதுவாக விடுதல். நாள்தோறும் தனக்கு விருப்பமான ஒன்றைச் சிறிது நேரமேனும் செய்தல். உறவினரிடம் இன்ன வேலையை இன்ன நாளிற் செய்யுங்கள் என்று திட்டவட்டமாகக் கேட்டல் ஆகியனவும் சேரும். “உதவி செய்யுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் எவரும் வாரார். “ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மாமாவுடன் இருங்கள்” என்று கொழுந்தனாரிடம் கேட்டால் அவர் மறுப்பதற்கு ஒரு காரணமாவது கூறவேண்டியிருக்கும். கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டால் தன் கடன் தீர்ந்தது என்று நினைப்பதும் இங்கே பேசப்படவேண்டியதே.

பாடத்தின் பொருள் நன்று. அது சேரவேண்டியவரைச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. இதற்கு விடை இந்தியாவிலிருந்து கிடைத்திருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தார் ஐ-சப்போர்ட் பாடத்தைச் சோதித்து, 2021 இல் முடிவை வெளியிட்டனர். பேணுவோர் 151 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இறுதிவரை நின்றவர் 55 பேரே. நோயாளரை ஒரு மனிதராகக் கருதி நடத்தும் மனப்பாங்கு, பயிற்சி பெற்றோரிடம் வளர்ந்திருந்தது. ஆனால் மனச்சோர்விலும் சுமையுணர்விலும் இரு பிரிவினர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூன்றிலிருவர் விலகிய ஆய்வைக் கொண்டு பாடமே பயனற்றது என்று தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. அவர்கள் விலகினர் என்பதே அதன் முக்கியமான செய்தி. தனிமையிற் கற்கும் கல்விக்கு, நேரமும் அமைதியும் உள்ள ஒருவர் வேண்டும். அவ்விரண்டும் இல்லாமையே பேணுவோரின் நோய்.

கோவாவில் நடந்தது வேறு வகையான முயற்சி. 2008 இல் வெளியான அவ்வாய்வில் 81 குடும்பங்கள் பங்குபற்றின. உள்ளூர் மொழி தெரிந்து, எழுத்தறிவும் ஆர்வமும் உடையோர் தெரிந்தெடுக்கப்பட்டுச் சிறு பயிற்சியுடன் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை மேற்பார்க்க மனநோய் வைத்தியர் இருந்தார். அவர்கள் திண்ணையில் அமர்ந்து கேட்டனர், நோயை விளக்கினர், கிடைக்கக்கூடிய அரசாங்க உதவிகளைச் சொன்னர். ஆறு மாதங்களிற் பேணுவோரின் மனநலம் தெளிவாக மேம்பட்டிருந்தது. சொல்லிய செய்திகளை ஒப்பிட்டால் இணையப் பாடத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, படியேறி வந்த ஒருவர்.

இவ்விரு முடிவுகளையும் பொல்பிட்டியப் பகுதித் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால் செய்யத்தக்கது யாதென்று ஓரளவு தெளிவாகிறது. கைத்தொலைபேசி லயங்களில் உண்டு. ஆயினும் பல வீடுகளில் அது ஒன்றே. பகலிற் கணவனிடமோ, மாலையிற் பாடம் படிக்கும் பிள்ளையிடமோ அது இருக்கும். மலை மறைக்கும் மடுவங்களில் அலைவரிசை கிட்டாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் தாய்மாரும் உளர். உலக சுகாதார நிறுவனமே இதனை எண்ணி, இணையமில்லாதோர்க்கென 2019 இல் அதே பாடத்தை அச்சு நூலாகவும் வெளியிட்டிருக்கிறது. நூலையோ தொலைபேசியையோ கையில் ஏந்தி, லயத்துக்கு வந்து, படித்துக் காட்டிப் பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தால், பெங்களூரின் பாடமும் கோவாவின் கால்நடையும் ஒன்றுசேரும்.

அத்தகைய ஆளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தோட்டங்களிற் சேமநல உத்தியோகத்தர் உண்டு. குடும்பநல மாது லயம் லயமாகச் செல்கிறார். பிள்ளைக் காம்பராவிற் பிள்ளைகளைப் பார்ப்போர் உளர். பிள்ளைக் காம்பராவின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. கைக்குழந்தையைத் தனியே விட்டுவிட்டுத் தாய் கொழுந்தெடுக்க முடியாது என்னும் உண்மையிலிருந்து அது பிறந்தது. அன்பினால் மட்டும் பிறந்ததன்று. கொழுந்தெடுக்கும் கை தேவைப்பட்டதனாலும் பிறந்தது. மறதி நோயுற்ற மாமனாரைத் தனியே விட்டுவிட்டும் கொழுந்தெடுக்க முடியாது. முதியோர்க்கெனப் பகற்பொழுதில் அவ்வாறான ஓரிடம் தோட்டங்களில் வழக்கத்துக்கு வரவில்லை. இளையோர் நகரங்களுக்குச் செல்ல, லயங்களில் முதியோர் விகிதம் கூடிவரும் காலத்தில், இத்தேவை எண்ணப்படவேண்டியது. எத்துணைச் சிறந்த மூச்சுப் பயிற்சியும், கதவைப் பூட்டிவிட்டு மலைக்குப் போனவளின் நெஞ்சிடிப்பை அடக்காது.

அதுவரை வீட்டார் தாமே செய்யக்கூடியன சில உள. மறதி கண்டவுடன் முதுமை என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தைரொயிட் சுரப்பியின் குறைவு, பி-12 உயிர்ச்சத்தின் குறைவு, நெடுநாள் மனச்சோர்வு ஆகியனவும் மறதியை உண்டாக்கும்; இவற்றுக்கு மருந்துண்டு. திடீரென இரண்டொரு நாளில் மனம் குழம்பினால் அது பெரும்பாலும் காய்ச்சலாலோ வேறு தொற்றினாலோ நேர்வது; தாமதிக்கலாகாது. தோட்டத்து மருந்துச் சாலையிலிருந்து கடிதம் பெற்று டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் செல்லலாம். கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் என்னும் தொண்டு நிறுவனம் நோயாளர்க்கும் பேணுவோர்க்கும் வழிகாட்டி வருகிறது. மனச்சுமை தாங்கவொண்ணாத வேளையில் தேசிய மனநல உதவித் தொலைபேசியான 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். நோயாளரன்றி அவரைப் பேணுவோரும் அதனை அழைக்கலாம் என்பதைப் பலர் அறியார்.

வெளியே நடந்துவிடும் முதியவராயின், அவருடைய கம்பளிச் சட்டையின் உட்புறத்தில் பெயர், தோட்டம், டிவிசன், வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதிய துணித்துண்டைத் தைத்துவிடுதல் நன்று. கதவில் ஒரு சிறு மணி கட்டலாம். லயத்தார்க்கும், கீழே பாலத்தடியிலுள்ள கடைக்காரர்க்கும், ஆட்டோ ஓட்டுநர்க்கும் செய்தியைச் சொல்லி வைத்தல் வேண்டும். நோயை மறைத்து வைக்கும் வீட்டில் முதியவர் காணாமற் போனால் தேடுவோர் ஒருவரே. அறிவித்திருக்கும் வீட்டில் தேடுவோர் பலர். ஆற்றில் நீர் ஏறும் மழைக்காலங்களில் அவ்வேறுபாடு சில நிமிடங்களைப் பொறுத்தது.